படைப்பு திரும்பி வந்துவிட்டதா? இலக்கிய இதழ்களுக்கு அனுப்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கதையோ கவிதையோ கட்டுரையோ அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். ஒருநாள் நாலு வரியில் பதில் வருகிறது: தேர்வாகவில்லை. அந்த நாலு வரி சொல்வது மிகக் கொஞ்சம். நம் மனம் அதிலிருந்து எடுத்துக்கொள்வதோ ஏராளம். இந்தப் பக்கத்தில் உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பற்றியவை.

மறுப்பு இப்போதுதான் வந்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடிதத்தை ஒரு தடவை, கடைசி வரி வரை படியுங்கள். ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லோடு கண் நின்றுவிடும். அதற்குக் கீழே ‘அடுத்த படைப்பை அனுப்புங்கள்’ என்று ஒரு வரி இருந்தாலும் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. படித்த பிறகு உங்கள் பதிவேட்டில் தேதியைக் குறித்துவிட்டு மூடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை.

அன்று செய்யக் கூடாதவை இரண்டு. ஆசிரியருக்குப் பதில் எழுதக் கூடாது. கதையைத் திறந்து திருத்தவும் கூடாது. இரண்டாவதுதான் அதிகச் சேதம் செய்கிறது. அடிபட்ட கையோடு திருத்தும்போது முதலில் வெட்டுப்படுவது கதையில் துணிச்சலாக, உங்களுக்கே உரியதாக இருக்கும் பகுதிதான். ‘இதனால்தான் பிடிக்கவில்லையோ’ என்ற சந்தேகம் அங்கேதான் போய் விழும். ஒரு நாளாவது ஆறப் போடுங்கள். வெட்டியே தீர வேண்டும் என்று கை பரபரத்தால், கோப்பை நகலெடுத்து நகலில் வெட்டுங்கள்.

முன்பின் தெரியாத ஒருவர் வேண்டாம் என்றால் இவ்வளவு வலிப்பது ஏன்?

அது பலவீனம் இல்லை. 2003இல் உளவியல் ஆய்வாளர் நவோமி ஐசன்பெர்கரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் மூன்று பேர் பந்து எறிந்து விளையாடும் எளிய ஆட்டம். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தைப் போட்டுக்கொண்டு, சோதனைக்கு வந்தவரை ஒதுக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, உடல் வலியின் வேதனையோடு தொடர்புள்ள ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. ஒரு பொம்மைப் பந்துக்கே அப்படி என்றால், ஆறு மாதம் உழைத்து எழுதிய கதைக்கு எப்படி இருக்கும்? ஆகவே ‘மனசைக் கல்லாக்கிக்கொள்’ என்ற அறிவுரையை நாங்கள் தருவதில்லை. கல்லான மனசால் நல்ல கதை எழுதவும் முடியாது.

வலி ஓரிரு நாளில் வடியவில்லை என்றால் ஒன்று செய்து பார்க்கலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய அனுபவத்தைப் பற்றித் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த உடனே கொஞ்சம் மனம் கனத்துப் போனார்கள். ஆனால் அடுத்த மாதங்களில் உடல்நலக் குறைவுக்காக மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதே அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: 15 நிமிடம், 4 நாட்கள், காகிதத்தில், யாருக்கும் காட்டாமல். ஆசிரியருக்கு எழுதும் கடிதமாக அது மாறினால் நிறுத்திவிடுங்கள். எழுத எழுத மனம் கீழே போய்க்கொண்டே இருந்தாலும் நிறுத்துங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் இருந்தால் அது கதையைத் தாண்டிய விஷயம், மருத்துவரைப் பாருங்கள்.

பதிவேடு என்றீர்களே, அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு நோட்டுப் புத்தகமே போதும். படைப்பின் பெயர், எத்தனையாவது திருத்தம், இதழ், அனுப்பிய தேதி, அவர்கள் சொல்லும் காலக்கெடு, பதில் வந்த தேதி, பதிலின் வகை. இவற்றோடு கடைசியாக ஒரு கட்டம்: ‘அடுத்து எங்கே’.

மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் அந்தக் கடைசிக் கட்டம் விட்டுப்போகக் கூடாது. அதை அனுப்பும் நாளிலேயே நிரப்ப வேண்டும்; மறுப்பு வந்த பிறகு நிரப்ப உட்கார்ந்தால் கை ஓடாது. ஒரு வரி இப்படி இருக்கும்: ‘கிணற்றடி – 3ஆம் திருத்தம் – முதல் இதழ் – மார்ச் 4 – 90 நாள் – (காலி) – (காலி) – அடுத்து: இரண்டாம் இதழ், 3,000 சொல்லுக்குள் வேண்டும், ஜூன் 30 கடைசி நாள்.’ ஜூன் முதல் வாரத்தில் மறுப்பு வந்தால் யோசிக்க எதுவும் இல்லை. தெளிவான மனநிலையில் இருந்தபோது நீங்களே எடுத்த முடிவு அங்கே காத்திருக்கிறது.

திருத்த எண்ணும் முக்கியம். ஓர் ஆசிரியர் ‘முடிவு பிடித்தது’ என்று எழுதியிருப்பார். நீங்கள் இடையில் முடிவை மாற்றியிருப்பீர்கள். எந்த முடிவைச் சொன்னார் என்று தெரியாமல் விழிப்பதைவிட ஓர் எண்ணை எழுதி வைப்பது சுலபம்.

மறுப்புக் கடிதத்தை எப்படிப் படிப்பது? வரிகளுக்கு இடையில் ஏதாவது இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. வழக்கமான அச்சுக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம்: ‘உங்கள் படைப்பை அனுப்பியதற்கு நன்றி. கவனத்துடன் வாசித்தோம். எங்கள் இதழின் தற்போதைய தேவைக்கு இது பொருந்தவில்லை. வேறிடத்தில் பிரசுரமாக வாழ்த்துகள்.’ இது எல்லாருக்கும் போகும் கடிதம். ‘கவனத்துடன்’ என்பதால் மூன்று பேர் படித்து விவாதித்தார்கள் என்று ஆகாது. ‘பொருந்தவில்லை’ என்பதால் எழுதத் தெரியவில்லை என்றும் ஆகாது. முதல் பக்கத்தில் நின்றுபோன கதைக்கும் கடைசிச் சுற்றில் ஒரு வாக்கில் விழுந்த கதைக்கும் இதே கடிதம் போக வாய்ப்புண்டு. உங்கள் பெயரும் கதையின் தலைப்பும் அதில் இருந்தாலும் மயங்க வேண்டாம். மென்பொருளே இரண்டையும் சேர்த்துவிடும்.

சில இதழ்கள் இரண்டாவதாக ஓர் அச்சுக் கடிதம் வைத்திருக்கும்: ‘இந்தப் படைப்பை விரும்பிப் படித்தோம். இதை வெளியிட இயலவில்லை என்றாலும் உங்களுடைய வேறு படைப்புகளைப் பார்க்க ஆவலாக இருக்கிறோம்.’ இதுவும் அச்சுதான், ஆனால் எல்லாருக்கும் போவதில்லை. வேலைப்பளு உள்ள ஆசிரியர் சும்மா யாரையும் மறுபடி அனுப்பச் சொல்லித் தன் சுமையைக் கூட்டிக்கொள்ள மாட்டார். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, அடுத்த அனுப்பும் காலத்தில் வேறொரு படைப்பை அனுப்புங்கள். கூடவே அனுப்பும் கடிதத்தில் ஒரு வரி போதும்: ‘சென்ற முறை வேறு படைப்பு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள்.’

கதைக்குள் இருக்கும் ஒன்றைக் குறிப்பிட்டு ஒரு வாக்கியம் வந்தால் (ஒரு பாத்திரம், ஒரு காட்சி, ஓர் இடத்தில் ஏற்பட்ட குழப்பம்) யாரோ ஒருவர் தன் நேரத்தை உங்களுக்குக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

‘இன்னின்னதை மாற்றி மறுபடி அனுப்ப முடியுமா?’ என்று கேட்டால் அது மறுப்பே இல்லை. பலர் துவண்டுபோய் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு வாரத்துக்குள், மாற்ற ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா, எப்போது தர முடியும் என்று தெரிவியுங்கள். மாற்றிக் கொடுத்தாலும் ஏற்பார்கள் என்ற உறுதி கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல கதையையும் திருப்பி அனுப்புவார்களா?

அனுப்புவார்கள். கணக்கைப் பாருங்கள். ஓர் இதழுக்கு 800 கதைகள் வருகின்றன, படிக்க 5 பேர் இருக்கிறார்கள், கதை ஒவ்வொன்றும் 3,000 சொல் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 200 சொல் படித்தால் ஒரு கதைக்கு 15 நிமிடம். ஆளுக்கு 160 கதை, 40 மணி நேரம். பெரும்பாலான இலக்கிய இதழ்களில் இதைச் செய்பவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டே செய்கிறவர்கள். ஆகவே முதல் ஒன்றிரண்டு பக்கத்திலேயே பலவும் முடிவாகிவிடும். மிஞ்சும் முப்பது நாற்பதிலிருந்து எட்டையோ பத்தையோ எடுக்கும்போது கதையின் தரம் மட்டும் பேசுவதில்லை. மருத்துவமனைக் கதை ஒன்றை ஏற்கெனவே எடுத்திருப்பார்கள், உங்களுடையதும் மருத்துவமனையாக இருக்கும். 12 பக்கம்தான் மீதி இருக்கும், உங்களுடையது 16 பக்கம் வரும்.

மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்பதற்கு ஆய்வுலகில் ஒரு சான்று உண்டு. டக்ளஸ் பீட்டர்ஸும் ஸ்டீபன் செசியும் 1982இல் வெளியிட்ட ஆய்வு அது. உளவியல் ஆய்விதழ்களில் ஏற்கெனவே வெளிவந்த 12 கட்டுரைகளை எடுத்து, ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கற்பனையாக மாற்றி, வெளியிட்ட அதே இதழ்களுக்கே அனுப்பினார்கள். 3 மட்டும் கண்டுபிடிக்கப்பட்டன. எஞ்சிய 9இல் 8 மறுக்கப்பட்டன. ஆய்வுக் கட்டுரைக்கே அந்த நிலை என்றால், ரசனையைச் சார்ந்த கதைக்கும் கவிதைக்கும் ஆட்டம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

எத்தனை மறுப்பு வரை சகஜம்?

ஓர் இதழ் 100க்கு 2 படைப்பை எடுக்கிறது என்று கொள்வோம். உங்களுக்கும் சராசரி வாய்ப்புதான் என்றால், 20 தடவை அனுப்பியும் ஒன்றுகூடத் தேராமல் போக 67 சதவீத வாய்ப்பு. 50 தடவைக்கு 36 சதவீதம், 100 தடவைக்கு 13 சதவீதம். அதாவது 20 மறுப்பு வந்த நிலையில் ‘எனக்கு எழுத்து வராது’ என்று முடிவு கட்டுவதற்கு அந்த எண்ணிக்கையில் எந்த ஆதாரமும் இல்லை.

இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவது போல நினைத்துப் போட்ட கணக்கு இது. ஒரே கதையின் முதல் பக்கத்தில் ஓட்டை இருந்தால், ஐம்பது இடத்துக்கும் அந்த ஓட்டையும் கூடவே போகும்.

ஆண்டுக்கு 100 மறுப்பு வாங்குவதையே இலக்காக வைக்கலாம் என்று எழுத்தாளர் கிம் லியாவ் 2016இல் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. இலக்கு நம் கையில் இருக்கிறது என்ற வகையில் நல்ல யோசனைதான். எண்ணிக்கைக்காக அரைவேக்காட்டுக் கதைகளைப் பொருந்தாத இதழ்களுக்கு இறைத்தால் மட்டும் அது கெட்டுப்போகும். மெதுவாக எழுதுபவருக்கு ஆண்டுக்கு 15 போதும்.

குறை கதையில்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு: ஒரே திருத்தத்துக்கு ஐந்தாறு அச்சு மறுப்புகள் தொடர்ந்து வந்தால் கதையைத் திறந்து முதல் பக்கத்தைப் பாருங்கள். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஆசிரியர்கள் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தைச் சரிசெய்யுங்கள். அவர்கள் சொன்ன தீர்வு உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம், சுட்டிய இடம் தப்பாக இருப்பது அரிது. ஒருவர் மட்டும் சொல்லி, அதைப் படித்ததும் உங்கள் உள்மனமும் ‘ஆமாம்’ என்றால் அதுவும் போதும்.

முதல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். அடிக்கடி கண்ணில் படும் தொடக்கம் இது: ‘காலை வெயில் ஜன்னல் வழியாக அறைக்குள் விழுந்தது. சுமதி கண் விழித்தாள். இன்று என்ன கிழமை என்று யோசித்தாள். எழுந்து முகம் கழுவினாள்.’ நாலாவது பத்தியில் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘அப்பா போய் மூன்று வாரமாகியும் அவருடைய கைபேசி தினமும் ஆறு மணிக்கு அலாரம் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.’ கதை இங்கேதான் பிறக்கிறது. மேலே இருப்பதெல்லாம் எழுத்தாளர் கை சூடேறுவதற்காக எழுதிக்கொண்டது. அதை எழுதாமல் இந்த வரிக்கு வந்திருக்க முடியாது என்பதால் அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வந்த பிறகு எடுத்துவிட வேண்டும், அவ்வளவே. 800 கதை படிக்கும் ஒருவர் நாலாவது பத்தி வரை வருவார் என்று நம்பியிருக்க முடியாது.

மாற்றிவிட்டீர்களா? திருத்த எண்ணைக் கூட்டிவிட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே மறுத்த இதழுக்கு, அவர்களாகக் கேட்காதவரை, அதே கதையின் புதிய திருத்தத்தை அனுப்ப வேண்டாம்.

படிக்கும் முன்பே தள்ளிவிடும்படியான தவறுகள் உண்டா?

உண்டு, இவைதான் மிக எளிதில் தவிர்க்கக்கூடியவை. யூனிகோடில் இல்லாமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கதை முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். அனுப்பும் முன் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சல் செய்து, வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள். பெயர் தெரியாமல் படிக்கும் இதழ் என்றால் கோப்பின் பெயரிலும் பக்கத் தலைப்பிலும்கூட உங்கள் பெயர் இருக்கக் கூடாது. 3,000 சொல் வரம்பு என்றால் 3,400 அனுப்பாதீர்கள். முகநூலிலோ சொந்த வலைப்பூவிலோ போட்டதை ஏற்கெனவே பிரசுரமானதாகக் கருதும் இதழ்கள் நிறைய, விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே அனுப்பும் கடிதத்தில் கதையை விளக்க வேண்டாம், ‘முதல் முயற்சி, பிழை இருந்தால் பொறுத்தருள்க’ என்றும் வேண்டாம். தலைப்பு, வகை, சொல் எண்ணிக்கை, உங்களைப் பற்றி இரண்டு வரி. போதும்.

மறுப்புக்குப் பதில் எழுதலாமா? காரணம் கேட்கலாமா?

அச்சுக் கடிதத்துக்குப் பதில் தேவையில்லை. காரணம் கேட்க வேண்டாம்; 790 பேருக்கு அவர்களால் காரணம் சொல்ல முடியாது. கைப்பட எழுதிய குறிப்பு வந்தால் இரண்டு வரி: ‘கதையைப் படித்துக் குறிப்பும் எழுதியதற்கு நன்றி. இரண்டாம் பகுதியைப் பற்றி நீங்கள் சொன்னதைப் பார்க்கிறேன்.’ வாதாடும் கடிதம் எழுதிவிட்டீர்கள் என்றால் அதை அனுப்பாமல் வைத்திருங்கள். ஆசிரியர் குழுக்கள் சிறியவை, பெயர்களை மறப்பதில்லை.

பதிலே வரவில்லை. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது.

முதலில் குப்பை அஞ்சல் பெட்டியைப் பாருங்கள். பிறகு விதிமுறை. ‘90 நாளில் பதில் வராவிட்டால் தேர்வாகவில்லை என்று கொள்க’ என்று சில இதழ்கள் எழுதியே வைத்திருக்கும். அங்கே மௌனம்தான் பதில். அப்படி இல்லை என்றால், சொன்ன காலத்துக்கு மேல் ஒரு மாதம் பொறுத்து ஒரு விசாரிப்பு: ‘மார்ச் 4 அன்று ‘கிணற்றடி’ என்ற கதையை அனுப்பியிருந்தேன். பரிசீலனையில் இருக்கிறதா என்று தெரிவிக்க முடியுமா?’ இதில் மனத்தாங்கல் தொனிக்க வேண்டாம். மூன்று வாரத்தில் அதற்கும் பதில் இல்லை என்றால், கதையைத் திரும்பப் பெறுவதாக ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.

பல இதழ்கள் படைப்புகளைப் பெறப் பயன்படுத்தும் சப்மிட்டபிள் தளத்தில் ‘ரிசீவ்ட்’ (வந்து சேர்ந்தது) என்பது ‘இன் புராகிரஸ்’ (பரிசீலனையில்) என்று மாறுவதைப் பார்த்துப் பலர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். படிப்பதற்காகப் படைப்பை ஒருவர் பெயருக்கு ஒதுக்கினாலே அது மாறிவிடும். தேர்வுக்கு அருகில் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. சராசரியாக எவ்வளவு நாளாகிறது என்று அறிய, 2013 முதல் கட்டணமின்றி இயங்கும் சப்மிஷன் கிரைண்டர் தளத்தில் எழுத்தாளர்களே பதிந்த விவரங்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஆங்கில இதழ்களுக்குத்தான் உதவும். பார்த்த பிறகு மூடிவிட்டு அடுத்த கதையை எடுங்கள்.

ஒரே கதையை ஒரே நேரத்தில் பல இதழ்களுக்கு அனுப்பலாமா?

விதிமுறை அனுமதித்தால் மட்டும். அனுமதிக்கும் இடங்களில் நாலைந்து வரை அனுப்புவது நல்லது. ஒரே ஓர் இதழைப் பார்த்துக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு பதில் மலைபோல வளர்ந்துவிடும். ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டால் அன்றே மற்ற எல்லாருக்கும் ‘வேறிடத்தில் ஏற்கப்பட்டதால் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதிவிட வேண்டும். ஐந்து கவிதைகள் கொண்ட தொகுப்பில் ஒன்று மட்டும் தேறினால், அந்த ஒன்றின் தலைப்பைச் சொல்லி அதை மட்டும் விலக்குங்கள்.

கூட எழுதத் தொடங்கியவர்கள் பிரசுரமாகிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு மட்டும் இப்படி.

அவர்களுக்கு வந்த மறுப்புகளை அவர்கள் பகிர்வதில்லை. கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த எண்ணம் பாதிக்கு மேல் கரைந்துவிடும். பொறாமை முழுதாகப் போகாது. அது இருக்கும்போதே எழுதலாம்.

கொஞ்ச காலம் அனுப்புவதையே நிறுத்தலாமா?

தாராளமாக. ஆனால் திரும்பும் தேதியை முன்பே குறியுங்கள்: இரண்டு மாதம், மூன்று மாதம். நிறுத்துவது அனுப்புவதை மட்டும், எழுதுவதை அல்ல.

ஒரு கதையை எப்போது கைவிடுவது?

இத்தனை மறுப்பு என்று எண்ணிக்கை கிடையாது. இருபது இடம் போய்விட்டு வந்த கதையை மறுபடி படிக்கும்போது, இன்றும் உங்கள் பெயரை அதன் கீழே பார்க்க ஆசை இருந்தால் இருபத்தொன்றாவது இடத்துக்கு அனுப்புங்கள். ‘இதை இப்போது எழுதினால் இப்படி எழுத மாட்டேன்’ என்று தோன்றினால் எடுத்து வையுங்கள். அழிக்க வேண்டாம். பதிவேட்டின் ‘அடுத்து எங்கே’ கட்டத்தில் ஓராண்டு தள்ளி ஒரு தேதியைப் போட்டு, பக்கத்தில் அந்தக் கதையில் உங்களுக்கு இன்னும் பிடித்த வரியை எழுதி வையுங்கள். பல சமயம் அந்தத் தேதி வருவதற்குள் அந்த ஒரு வரி வேறொரு கதைக்குள் போயிருக்கும்.